பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டரைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எப்படி?

வீட்டிற்குப் புது லேப்டாப் வந்த பின்னும் பழைய பென்டியம் 4 கம்ப்யூட்டரைச் சிலரால் விட முடிவதில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அப்பாவின் கடைக் கணக்குகள் எக்ஸ்பியில் உள்ள பழைய மென்பொருளில்தான் திறக்கும். கார்பன் நகலுடன் பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் அதில்தான் இணைந்துள்ளது. உங்களிடமும் இப்படி ஒன்று இருந்தால் கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

1. முதல் வேலை பேக்கப். பழைய ஹார்டு டிஸ்க் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும். அதைக் கழற்றி, யுஎஸ்பி கன்வெர்ட்டர் மூலம் லேப்டாப்பில் இணைத்து, முக்கியமான போல்டர்களைக் காப்பி செய்யுங்கள்.

2. இன்டர்நெட் இணைப்பு வேண்டாம். எக்ஸ்பிக்கான சப்போர்ட்டை மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரல் 8-ல் நிறுத்திவிட்டது.

3. பைல் ஷேரிங்கும் வேண்டாம். எக்ஸ்பிக்குத் தெரிந்தது எஸ்எம்பி 1 முறை மட்டுமே. 2017-ல் வான்னாகிரை பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். பழையதற்காகப் புதியதில் அதை ஆன் செய்யாதீர்கள்.

4. பைல்களை மாற்ற பென் டிரைவ் போதும். அதை பேட்32 முறையில் பார்மட் செய்யுங்கள். 4 ஜிபிக்கு மேற்பட்ட பைல் மட்டும் அதில் ஏறாது. எக்ஸ்பியில் செருகும்போது ஷிப்ட் கீயை அழுத்திப் பிடித்தால் ஆட்டோரன் இயங்காது.

5. தேதி அடிக்கடி மாறினால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். எங்கள் பில்லில் பல வருடம் முந்தைய தேதி அச்சான பிறகே இது எனக்கு உறைத்தது.

கடைசியாக ஒன்று. மென்பொருளில் வசதி இருந்தால் கணக்குகளை டெக்ஸ்ட் பைலாகவும் சேமித்து வையுங்கள். என்றாவது கம்ப்யூட்டர் நின்றாலும் கணக்கு நிற்காது.