கண்ணாகப் போகும் குட்டி: வழிகாட்டி நாய் வளர்ப்போருக்கு 18 குறிப்புகள்

இங்கிலாந்தில் வாலசி என்ற கடலோர ஊரில் 1931-ல் நான்கு ஜெர்மன் ஷெப்பர்டு நாய்கள் பயிற்சி முடித்து, பார்வையற்ற நான்கு பேருக்கு வழிகாட்டத் தொடங்கின. ஜூடி, ஃப்ளாஷ், ஃபாலி, மெட்டா என்பவை அவற்றின் பெயர்கள். அங்கிருந்து வளர்ந்ததுதான் 'கைட் டாக்ஸ்' தொண்டு நிறுவனம். 1956 முதல் அது குட்டிகளைத் தன்னார்வக் குடும்பங்களிடம் கொடுத்து வளர்த்து வருகிறது. ஏறக்குறைய எட்டு வார வயதில் குட்டி வீட்டுக்கு வரும். ஒரு வயது தாண்டியதும் பயிற்சிக்குப் போகும். தீனிச் செலவும் மருத்துவச் செலவும் நிறுவனத்தைச் சேர்ந்தவை. வீடு, நேரம், பொறுமை மூன்றும் நம்முடையவை.

இந்நாட்டில் வாழும் நம்மவர்கள் பலர், "ஆசைதான், ஆனால் நாய் வளர்த்துப் பழக்கமில்லையே" என்று தயங்குகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இந்தக் குறிப்புகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: இந்தப் பழக்கத்தோடு இந்த நாய் நாளை பார்வையற்ற ஒருவரின் கைக்குப் போனால், அவர் பத்திரமாகத் தெருவில் நடப்பாரா? சந்தேகம் வரும்போதெல்லாம் அந்த முகம் தெரியாதவரை நினைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும்.

1. ஒரு செயலுக்கு ஒரே சொல். குட்டி வருவதற்கு முன்பே வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். அப்பா "சிட்" என்று சொல்ல, அம்மா "உட்காரு" என்று சொல்ல, பாட்டி "இருடா கண்ணு" என்று சொன்னால் குட்டி எதைக் கேட்கும்? கட்டளைச் சொற்கள் நிறுவனம் கற்றுத்தரும் ஆங்கிலச் சொற்களாகவே இருக்கட்டும். நாளை அதைக் கூப்பிடப்போகிறவர் பேசும் சொற்கள் அவை. ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். கொஞ்சுவதற்குத் தமிழ் தாராளமாக இருக்கட்டும்.

2. முழங்காலிட்டு வீட்டைச் சுற்றுங்கள். குட்டியின் கண் உயரத்தில்தான் வீட்டின் ஆபத்துகள் தெரியும். தொங்கும் சார்ஜர் வயர், சோபாவுக்கு அடியில் உருண்டுபோன மாத்திரை, துணி அலமாரியில் போட்ட பாச்சை உருண்டை, குப்பைக்கூடை எல்லாவற்றையும் எடுத்து உயரத்தில் வையுங்கள். நம் வீடுகளில் வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடக்கும். மூடி போட்ட அலமாரி ஒன்று வாங்கிவிடுங்கள். கடிக்கக் கிடைக்கவிட்டுப் பிறகு திட்டுவதைவிட, கிடைக்காமல் செய்வது நல்லது.

3. சமையலறை வாசலில் தடுப்பு. இது நம் வீடுகளுக்கு மிக அவசியம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. பச்சையாக இருந்தாலும், வதக்கினாலும், பொடியாக இருந்தாலும் அப்படித்தான். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். பாயசத்தில் மிதக்கும் நாலு திராட்சையைக்கூடச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சாக்லேட், சைலிட்டால் கலந்த சர்க்கரை இல்லாத சூயிங்கம், வேகவைத்த கோழி எலும்பு எதுவும் எட்டக்கூடாது. தின்றுவிட்டது என்று தெரிந்தால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.

4. முதல் சில இரவுகள் அருகில் படுங்கள். தாயின் சூட்டையும் கூடப் பிறந்தவற்றின் நெருக்கத்தையும் விட்டுவிட்டு வந்த பிள்ளை அது. கூண்டில் மெத்தை விரித்து, உங்கள் குரல் கேட்கும் தூரத்தில் வையுங்கள். பிறகு நாளுக்குக் கொஞ்சமாகத் தள்ளி வைத்து, அதன் நிரந்தர இடத்துக்குக் கொண்டுபோகலாம். கூண்டைத் தண்டனைக்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அது குட்டியின் சொந்த அறை.

5. 'பிஸி பிஸி' பழக்கம். பிரிட்டனில் வழிகாட்டி நாய்க்குட்டிகள் ஒன்றுக்கும் இரண்டுக்கும் போகக் கற்கும் சொல் இது. தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் கயிற்றில் பிடித்து வெளியே ஒரே இடத்துக்குக் கூட்டிப்போங்கள். அது போகும்போது "பிஸி பிஸி" என்று மெல்லச் சொல்லுங்கள். முடித்ததும் பாராட்டுங்கள். சில வாரங்களில் சொல்லைக் கேட்டே போகத் தொடங்கும். பார்வையற்றவர் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன், தனக்குத் தெரிந்த இடத்தில் நாயைப் போகவைத்து, தானே கையால் எடுத்துச் சுத்தம் செய்வார். நடைபாதை நடுவில் நாய் திடீரென்று நின்றால் அவரால் என்ன செய்ய முடியும்? வீட்டுக்குள் தவறு நடந்தால் சத்தம் போடாமல் துடைத்துவிடுங்கள். நாம்தான் நேரத்தைத் தவறவிட்டோம் என்று பொருள்.

6. தீனியை அளந்து போடுங்கள். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், இவை இரண்டின் கலப்பு ஆகியவைதான் பெரும்பாலும் இந்த வேலைக்கு வளர்க்கப்படுகின்றன. லாப்ரடாரின் பசி அடங்கவே அடங்காது. "பாவம், பார்க்கிறதே" என்று கூடுதலாக ஒரு கை அள்ளிப் போடாதீர்கள். எடை கூடினால் வளரும் மூட்டுகளுக்குச் சுமை. பரிசாகக் கொடுக்கும் தீனியையும் அன்றைய அளவிலிருந்தே எடுங்கள். உணவு வைக்கும்போது விசில் ஊதிப் பழக்கினால், பின்னால் பூங்காவில் அவிழ்த்துவிட்ட நாய் விசில் கேட்டு ஓடிவரும். எங்கே நிற்கிறது என்று பார்க்க முடியாதவருக்கு அந்த விசில்தான் துணை.

7. நம் தட்டில் பங்கில்லை. நமக்கு இதுதான் கடினம். வீட்டுக்கு வந்த யாரையும் பசியோடு வைத்துத் தின்று பழகாதவர்கள் நாம். ஆனால் ஒரே ஒரு தோசைத் துண்டு போதும். நாளை உணவகத்தில் மேசைக்கடியில் படுத்திருக்க வேண்டிய நாய், மூக்கை மேலே நீட்டும். பக்கத்து மேசைக்காரர் முகம் சுளிப்பதைப் பார்வையற்றவரால் பார்க்க முடியாது. நாம் சாப்பிடும்போது குட்டி அதன் படுக்கையில் இருக்கட்டும். விருந்தாளிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

8. கீழே கிடப்பதைத் தாண்டி நடக்கக் கற்றுக்கொடுங்கள். லண்டன் நடைபாதையில் கடித்துப்போட்ட கோழி எலும்பு கிடக்காத தெரு குறைவு. வழிகாட்டி நாய் அதற்காகக் குனிந்து இழுத்தால் கைப்பிடியைப் பிடித்திருப்பவர் தடுமாறுவார். வீட்டுக்குள்ளேயே தொடங்குங்கள். மூடிய கையில் தீனி வைத்து, குட்டி மூக்கை விலக்கி உங்கள் முகத்தைப் பார்த்ததும், வேறு கையிலிருந்து பரிசு கொடுங்கள். பிறகு தரையில் வைத்துப் பழக்குங்கள். அதன்பின் தெருவில்.

9. கடித்தால் பொம்மையைக் கொடுங்கள். ஆறேழு மாதம்வரை பல் விழுந்து முளைக்கும் காலம். கை, புடவைத் தலைப்பு, கதவுச் சட்டம் எல்லாம் வாய்க்குப் போகும். கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள்; அது விளையாட்டாகிவிடும். அசையாமல் நின்று, கடிக்கலாம் என்று நீங்கள் அனுமதித்த பொம்மையை நீட்டுங்கள். மாலையில் வெறிபிடித்ததுபோல் ஓடிக் கடித்தால் அநேகமாகத் தூக்கம் போதவில்லை என்று அர்த்தம். கூண்டில் படுக்கவிட்டால் ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடும்.

10. தினமும் உடல் முழுதும் தொடுங்கள். காது மடலைப் புரட்டுங்கள், உதட்டைத் தூக்கிப் பல்லைப் பாருங்கள், கால் விரல் இடுக்கில் விரலை விடுங்கள், வாலைத் தடவுங்கள், சீவிவிடுங்கள். பார்வையற்றவர் தன் நாயின் நலத்தைக் கையால்தான் பார்ப்பார். முள்ளோ கட்டியோ காயமோ அவர் விரல் நுனிக்குத்தான் தெரியவரும். தொட்டால் உதறுகிற நாய், தன் வலியை அவரிடம் சொல்ல முடியாத நாய்.

11. உலகத்தைக் கையில் தூக்கிக்கொண்டு காட்டுங்கள். மூன்று வாரம் முதல் ஏறத்தாழ பதினான்கு வாரம்வரை குட்டி மனதில் பதிவது ஆழமாகப் பதியும். தடுப்பூசி முடியும்வரை பொது இடங்களில் தரையில் விடக்கூடாது. அதற்காக வீட்டிலேயே பூட்டி வைக்கவும் கூடாது. தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். லாரியின் பிரேக் சத்தம், ஆம்புலன்ஸ் ஒலி, குடை விரிவது, சக்கர நாற்காலி, தலைக்கவசம் போட்டவர், தாடிக்காரர் எல்லாவற்றையும் பார்க்கட்டும். பயந்தால் விலகிப்போய்த் தூரத்திலிருந்து காட்டுங்கள். கட்டாயப்படுத்தி அருகில் கொண்டுபோகாதீர்கள்.

12. விதவிதமான தரைகள். சாலை கடக்கும் இடங்களில் பார்வையற்றோர் காலால் உணர்வதற்காகப் புடைப்புக் கற்கள் பதித்திருப்பார்கள். அதன்மேல் குட்டியும் நடந்து பழகட்டும். இரும்புக் கிராதி, வழுக்கும் கடைத்தரை, இடைவெளி தெரியும் படிகள், ரயில் பாலம் என்று ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். நகரும் படிக்கட்டில் மட்டும் ஏற்றாதீர்கள். விரல்கள் சிக்கிக் காயமாகும். லிஃப்டில் போங்கள், இல்லையென்றால் சாதாரணப் படி.

13. இடப்பக்கம், சற்று முன்னால். மற்ற நாய்களைக் குதிகாலை ஒட்டி நடக்கப் பழக்குவார்கள். வழிகாட்டப் போகிற நாய் நம் இடப்பக்கத்தில், கொஞ்சம் முன்னே நடக்க வேண்டும். தயங்கிப் பின்தங்கும் நாயால் வழிகாட்ட முடியாது. அதே சமயம் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடவும் கூடாது. கயிறு இறுகினால் நில்லுங்கள், தளர்ந்ததும் நடங்கள். நடைபாதை விளிம்பில் ஒவ்வொரு முறையும் நின்று கடக்கவும். சாலையை எப்போது கடப்பது என்று வண்டிச் சத்தம் கேட்டு முடிவெடுப்பவர் மனிதர்தான். ஆனால் விளிம்பு வந்துவிட்டது என்று நின்று காட்டவேண்டியது நாய். அந்த நிற்றலின் முதல் பாடம் உங்கள் தெருவில்தான்.

14. பேருந்திலும் கடையிலும் அனுமதி கேளுங்கள். பயிற்சி முடித்த வழிகாட்டி நாயோடு வருபவரைக் கடைகளும் டாக்சிகளும் ஏற்க வேண்டும் என்பதற்கு 2010-ன் சமத்துவச் சட்டம் துணை நிற்கிறது. வளரும் குட்டிக்கு அந்த உரிமை இல்லை. அதற்குரிய சிறு மேலுடுப்பைப் போட்டு, உள்ளே நுழையுமுன் பணிவாகக் கேளுங்கள். மறுத்தால் நன்றி சொல்லித் திரும்புங்கள். பேருந்தில் வாலும் காலும் நடைவழியில் நீளாதபடி இருக்கைக்கடியில் படுக்கப் பழக்குங்கள்.

15. நான்கு காலும் தரையில் இருந்தால்தான் கொஞ்சல். குட்டி தாவும்போது கொஞ்சினால், முப்பது கிலோவாக வளர்ந்தபிறகும் தாவும். தாவினால் திரும்பி நில்லுங்கள், நான்கு காலும் தரைக்கு வந்ததும் தொடுங்கள். சோபாவும் கட்டிலும் வேண்டாம். பந்தை எறிந்து விரட்டவைக்கும் விளையாட்டும் வேண்டாம். உருளும் எதையும் துரத்தத் தோன்றும் நாய்க்குத் தெருவில் அணிலும் புறாவும் பந்தாகத் தெரியும்.

16. தனிமையைச் சிறுகச் சிறுகப் பழக்குங்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரை மணி என்று கூட்டிக்கொண்டே போங்கள். போகும்போது பிரியாவிடை நாடகமும் வரும்போது திருவிழாவும் வேண்டாம். அலுவலகத்தில் கூட்டத்துக்குப் போகும் எஜமானருக்காக அமைதியாகக் காத்திருக்கும் குணம் இங்கிருந்துதான் வரும்.

17. தீபாவளி வாரம். இங்கே நவம்பர் 5-ம் தேதி வாணவேடிக்கையும் நம் தீபாவளியும் அடுத்தடுத்து வரும். வெடியில் ஒருமுறை கடுமையாகப் பயந்த குட்டி, தெருச் சத்தம் எல்லாவற்றுக்கும் அஞ்சலாம். இருட்டுமுன் நடையையும் 'பிஸி பிஸி'யையும் முடித்துவிடுங்கள். திரைச்சீலையை மூடி, டிவியைக் கொஞ்சம் சத்தமாக வைத்து, கடிக்க ஏதாவது கொடுங்கள். அந்த ஒரு வருடம் நம் வீட்டு வாசலில் விளக்கு மட்டும் போதும். பட்சணத் தட்டு உயரத்தில் இருக்கட்டும்.

18. ஒரு நோட்டுப் புத்தகம். முதல் நாளிலிருந்து எழுதுங்கள். எதற்குப் பயந்தது, எப்படித் தெளிந்தது, எந்தப் பக்கம் சாய்ந்து தூங்கும், காதுக்குப் பின்னால் எந்த இடத்தில் சொறிந்தால் கண்ணை மூடும் என்பதையெல்லாம். வாரம் ஒரு பக்கம் போதும். நிறுவனத்தின் மேற்பார்வையாளர் வரும்போது ஞாபகத்தைத் தேடவேண்டியதில்லை. உங்கள் கண்ணில் சிறியதாகப்பட்ட ஒரு வரி அவருக்குப் பெரிய தகவலாக இருக்கும்.

எல்லாக் குட்டியும் வழிகாட்டியாவதில்லை. சில இனப்பெருக்கத்துக்குத் தேர்வாகும், சில வேறு உதவிப் பணிக்குப் போகும், சில அன்பான வீட்டு நாயாகிவிடும். அதை உங்கள் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தேர்வாகும் குட்டியோ உங்கள் வீட்டில் கற்ற நிதானத்தின்மேல் மீதியைக் கற்கும்: தலைக்குமேல் நீளும் கிளையை விலக்கி நடத்துவது, வண்டி வரும்போது "போ" என்றாலும் போகாமல் நிற்பது.

பயிற்சிக்குக் கிளம்பும் நாள் வரும். அழுகை வரும், அழுங்கள். குட்டிமுன் மட்டும் வேண்டாம். எப்போதும்போல் நடைக்குக் கிளம்புவதுபோலக் கயிற்றைக் கொடுங்கள். நோட்டுப் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுங்கள். அதன் கடைசிப் பக்கத்தில் அந்த முகம் தெரியாதவருக்கு ஒரு வரி எழுதிவையுங்கள்: "இடது காதுக்குப் பின்னால் சொறிந்தால் இதற்குப் பிடிக்கும்." அவர் விரல் அந்த இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.