நடுகல் இல்லாத வீரர்கள்



போரில் மாண்ட வீரனுக்குக் கல் நாட்டி வணங்குவது தமிழரின் மிகப் பழைய வழக்கம். தக்க கல்லைத் தேடி எடுத்து, நீராட்டி, ஊரார் கூடி நட்டு, அவனை வாழ்த்துவர். அக்கல்லுக்கு நடுகல் என்று பெயர். தொல்காப்பியம் இவ்வழக்கத்திற்கு இலக்கணமே வகுத்துள்ளது. தமிழ்நாட்டில் செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்கள் பலவற்றில், ஆநிரை மீட்கப் போராடி உயிர் நீத்த மறவர்களின் பெயர்களை இன்றும் படிக்கலாம். அவர்கள் அரசர்கள் அல்லர். சிற்றூர்களில் வாழ்ந்த எளியவர்கள். ஆயினும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர்தம் பெயர் அழியவில்லை.

இத்தகைய மரபில் வந்த நாம், நம் பாட்டன் பூட்டன் காலத்தில் இம்மண்ணில் மூண்ட போரில் மாண்டவர்களுக்கு என்ன செய்தோம்? இப்பாடத்தில் அதனை எண்ணிப் பார்ப்போம்.

நம் மாநிலத்திற்கு வந்த போர்

1941ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. அடுத்து நெகிரி செம்பிலான். ஜனவரி 14ஆம் நாள், கிம்மாசுக்கு அருகிலுள்ள கெமிஞ்சே பாலத்தில் ஆஸ்திரேலிய வீரர்கள் மறைந்து காத்திருந்தனர். ஜப்பானியர் மிதிவண்டிகளில் பாலத்தைக் கடந்துகொண்டிருந்த வேளையில் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்துத் தாக்கினர். அவ்விடத்தில் இன்று ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது.

அதே வாரத்தில், அண்டை மாநிலமாகிய ஜொகூரின் மூவார்ப் பகுதியில் இந்திய 45ஆம் படையணி போரிட்டது. அதிலிருந்தோர் பெரும்பாலும் வட இந்தியக் கிராமத்து இளைஞர்கள். போதிய பயிற்சி பெறாதவர்கள். அப்படையணி ஏறத்தாழ முழுவதும் அழிந்தது. ஜனவரி 22ஆம் நாள், பாரிட் சூலோங் என்னுமிடத்தில், நடக்க இயலாமல் விடப்பட்ட ஆஸ்திரேலிய, இந்தியக் காயமுற்றோர் ஏறக்குறைய 150 பேரை ஜப்பானியர் கொன்றனர். பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது.

இவ்வீரர்களுக்குக் கல் உண்டு. தைப்பிங் போர்க் கல்லறைத் தோட்டத்தில் 850க்கு மேற்பட்டோர் நினைவுகூரப்படுகின்றனர். அங்குள்ள கல்லறைகளுள் 500க்கு மேற்பட்டவை பெயர் அறியப்படாதோருடையவை. சிங்கப்பூர் கிராஞ்சியில் எழுப்பப்பட்டுள்ள நினைவுச் சுவர்களில், கல்லறை இன்னதென்று தெரியாத 24,000க்கு மேற்பட்டோரின் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு பஞ்சாபித் தாயின் பேரன் இன்று அங்கு வந்தாலும், தன் பாட்டனின் பெயரை விரலால் தொட்டுப் பார்க்கலாம்.

தோட்டத்திலிருந்து போனவர்கள்

நம் தோட்டங்களிலிருந்து போனவர்களின் கதை வேறு. 1943 ஜூலை 2ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். 1942இல் போர்க் கைதிகளைக் கொண்டு தொடங்கப்பெற்ற இந்திய தேசிய இராணுவம் அவர் தலைமையில் புத்துயிர் பெற்றது. அவரது அழைப்பைக் கேட்டு மலாயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அதில் சேர்ந்தனர். பால் மரம் வெட்டிய கைகள் துப்பாக்கி ஏந்தின. அப்படையின் பயிற்சி முகாம்களுள் ஒன்று நம் சிரம்பானில் இருந்தது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் பணிந்துவிட்டது என்ற செய்தி எட்டியபோது, நேதாஜி சிரம்பானில்தான் தங்கியிருந்தார்.

அவர்கள் ஏன் சேர்ந்தனர்? நாட்டுப் பற்று ஒரு காரணம். தோட்டத்தில் கூலி என்று ஏவப்பட்டவர்கள், அப்படையில் வீரர் என்று மதிக்கப்பட்டது மற்றொன்று. பஞ்சமும், சயாம் இரயில் பாதை வேலைக்குப் பிடித்துச் செல்லப்படுவோமோ என்ற அச்சமும் சிலரை உந்தின. இதனைச் சொல்வதால் அவர்தம் பெருமை குறையாது. பசித்திருந்தவன் செய்த தியாகமும் தியாகமே.

பெண்களும் பின்வாங்கவில்லை. சிங்கப்பூரில் மருத்துவராக விளங்கிய கேப்டன் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படை அமைந்தது. தோட்டத்துப் பெண்கள் பலர் அதில் சேர்ந்தனர். கோலாலம்பூரின் ஜானகி தேவரும் ஈப்போவின் இராசம்மாவும் அப்படையிலிருந்து திரும்பிப் பின்னர் நாடறிந்த தொண்டர்களாயினர். திரும்பாதவர்களும் உண்டு. 1945இல் இரங்கூனிலிருந்து திரும்பும் வழியில், இரயில் தாக்கப்பட்டபோது ஜோசபின், ஸ்டெல்லா என்னும் இருவர் உயிரிழந்தனர்.

1944இல் இம்பால் போர் தோல்வியில் முடிந்தது. அடைமழையில் பின்வாங்கிய வீரர்களைத் துப்பாக்கிக் குண்டைவிட மலேரியாவும் வயிற்றுப்போக்கும் பட்டினியுமே அதிகம் கொன்றன. 1945 தொடக்கத்தில் ஐராவதி ஆற்றங்கரையிலும் போப்பா மலைப் பகுதியிலும் மீண்டும் போர் நடந்தது. மாண்டவர்களைப் புதைக்கவும் எரிக்கவும் நேரமில்லாத நாட்கள் அவை. கல் நடுவது யார்?

தகர்க்கப்பட்ட கல்

ஒரு கல் நடப்பட்டது. 1945 ஜூலை 8ஆம் நாள், சிங்கப்பூர்க் கடற்கரையில், பெயர் அறியப்படாத இந்திய தேசிய இராணுவ வீரனுக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்ப நேதாஜி அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் எனப் பொருள்படும் மூன்று சொற்கள் அதில் பொறிக்கப்பட்டன. இரண்டு திங்கள் கழித்துத் திரும்பி வந்த ஆங்கிலேயர் அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். 1995ஆம் ஆண்டில்தான் அவ்விடத்தில் மீண்டும் ஓர் அடையாளக் கல் வைக்கப்பட்டது. அக்கல்லில் தனி வீரர் எவரது பெயரும் இல்லை.

ஆங்கிலேயப் படையில் மாண்ட இந்தியனும் அதனை எதிர்த்து மாண்ட இந்தியனும் ஒரே தாய்நாட்டின் பிள்ளைகள். ஜப்பானியர் இந்நாட்டு மக்களுக்கு இழைத்த கொடுமைகளை அறிந்த நாம், அவர்களுடைய துணையை நேதாஜி நாடியது சரியா என்று வாதிடலாம். அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். ஆனால் மாண்டவனை நினைப்பதற்கு அவ்வாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஜூலை 31ஆம் நாள் நம் நாட்டில் வீரர் நாளாகப் போற்றப்படுகிறது. அன்று தலை தாழ்த்தும்போது இவ்விரு திறத்தாரையும் நினைப்பது நம் கடன்.

நாம் செய்ய வேண்டியது

1943இல் 18 வயதாக இருந்தவர் இன்றிருந்தால் நூறு வயதைத் தாண்டியிருப்பார். விடியற்காலைப் பிரட்டில் கிராணி பெயர் கூப்பிட, ஒரு நாள் பதிலில்லாமற்போன இளைஞன் யார் என்பதை இன்று அவனுடைய உடன்பிறந்தார் மக்களே அறிவர். அவர்களும் மூத்துவிட்டனர். தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன, லயங்கள் இடிந்தன, குடும்பங்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் பிரிந்து போயின. லயம் கலைந்தபோது பெயர்களும் கலைந்தன. எஞ்சியவற்றையாவது காப்பது நம் கையில் உள்ளது.

மாணவர்களே! இவ்விடுமுறையில் உங்கள் வீட்டுப் பெரியோரிடம் அமர்ந்து கேளுங்கள். ஒரு குறிப்பேட்டில் கீழ்க்காண்பவற்றை எழுதுங்கள்:

1. போனவர் பெயர், அவருடைய தந்தை தாய் பெயர்.
2. வேலை செய்த தோட்டம்.
3. சேர்ந்த படை, சென்ற ஆண்டு.
4. திரும்பினாரா, இல்லையா.
5. இதனைச் சொன்னவர் யார், சொன்ன நாள் எது.

ஐந்தாவதை மறவாதீர்கள். யார் சொன்னது என்று தெரிந்தால்தான் பின்வருவோர் அதனைச் சரிபார்க்க இயலும். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். அழகுக்காக எதனையும் சேர்க்காதீர்கள். கேட்கும்போது பெரியவர் கண் கலங்கினால், எழுதுவதை நிறுத்திவிட்டு அவர் கையைப் பற்றிக்கொள்ளுங்கள். மற்றொரு நாள் தொடரலாம்.

பெற்றோர்களே! பழைய பெட்டியில் ஒரு நிழற்படமோ, கடிதமோ, சின்னமோ இருந்தால் குப்பையில் எறிய வேண்டா. பிள்ளைகளிடம் காட்டி, அதில் இருப்பவர் இன்னார் என்று சொல்லிக் கொடுங்கள்.

பாறையை வெட்டிக் கல் நட நம்மிடம் பொருளில்லாமல் இருக்கலாம். ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் எந்த வீட்டிலும் உண்டு. பிள்ளையின் கையெழுத்தில் ஒரு பெயர் ஏறுமானால், பர்மாக் காட்டில் விழுந்த அவ்வீரனுக்கு நம் தோட்டத்தில் ஒரு நடுகல் எழுந்ததாகும்.

பயிற்சி

1. நடுகல் என்பது யாது?
2. கெமிஞ்சே பாலத்தில் நிகழ்ந்தது என்ன? எப்பொழுது?
3. சிங்கப்பூர் நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்ட மூன்று சொற்களின் பொருள் யாது?
4. உங்கள் குடும்பத்திலோ அண்டை வீட்டிலோ போருக்குச் சென்ற ஒருவரைப் பற்றிப் பத்து வரிகள் எழுதுக.