எந்த மூட்டை, என்றைக்கு அரைச்சது?

போன ஆடியில், நகரத்து இயற்கை அங்காடி ஒன்றுக்கு எங்கள் குழு அனுப்பிய மாப்பிள்ளைச் சம்பா அரிசி ஆறு மூட்டை திரும்பி வந்தது. பிரித்தால் வண்டு. கூடவே லேசாகக் காறல் வாடை. கடைக்காரர் நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. போனில் ஒரே கேள்விதான் கேட்டார்: "ஐயா, இது என்னைக்கு அரைச்ச அரிசி?"

என்னிடம் பதில் இல்லை. குழுவின் கணக்கு நோட்டு என் கையில்தான் இருக்கிறது. யாரிடமிருந்து எவ்வளவு நெல் வந்தது, யாருக்கு எவ்வளவு அரிசி போனது, யார் பாக்கி என்று பைசா சுத்தமாக எழுதியிருக்கிறேன். ஆனால் எந்த மூட்டை என்றைக்கு அரைத்தது என்று ஒரு வரி கிடையாது. புதிதாக அரைத்த மூட்டைகளைக் கதவோரம் அடுக்கினோம். கைக்கு எட்டுவதையே எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தோம். சுவரோரம் கிடந்த பழைய மூட்டைகள் ஒருநாள் தெரியாமல் வண்டி ஏறிவிட்டன.

ரசாயன வியாபாரிக்கு இந்தத் தப்பு பெரிதாக வலிக்காது. கிடங்கில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வைத்துப் புகை மூட்டம் போட்டு வண்டைக் கொன்றுவிடுவார். தீட்டி வெளுத்த அரிசியில் தவிட்டு எண்ணெயும் இருக்காது, அதனால் சீக்கிரம் காறாது. நாம் தவிட்டோடு அரிசி விற்கிறோம், மருந்தும் வைப்பதில்லை. நெல்லாக இருக்கும் வரை பயமில்லை. அரைத்த நாளிலிருந்து கெடு ஓட ஆரம்பித்துவிடுகிறது. அந்த நாளைத் தெரிந்து வைத்திருப்பதைத் தவிர நமக்கு வேறு காப்பு இல்லை.

அடுத்த கூட்டத்தில் இளைஞர்கள் எழுந்தார்கள். "அண்ணே, இனிமே நோட்டு சரிப்படாது. ஒரு கம்ப்யூட்டர் வாங்கி சாப்ட்வேர் போட்டுடுவோம்." மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "அது சரி தம்பி, அதுக்கு தினமும் தீனி போடறது யாரு?" எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, விஷயமே அந்தக் கேள்விதான். வியாபாரம் செய்யும் பெரிய அமைப்புகள் இதற்கு என்ன வழி கண்டார்கள் என்று பார்த்துச் சொல்லும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதலில் கடையில் பார்க்கும் பட்டைக்கோடு, அதாவது பார்கோடு. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தின் டிராய் என்ற ஊரில், ஒரு மளிகைக் கடையில் சூயிங்கம் பாக்கெட் ஒன்றைத்தான் முதன்முதலாக இப்படிக் கருவியில் காட்டி விற்றார்கள். பில் சீக்கிரம் போடுவதற்கான சாமான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்த 'பீப்' சத்தத்தில் இரண்டு வேலை நடக்கிறது. பில்லில் ஒரு வரி ஏறுகிறது, இருப்பில் ஒன்று குறைகிறது. இருப்பு இன்ன அளவுக்குக் கீழே போனால் அடுத்த சரக்குக்குச் சொல்லிவிட வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருப்பார்கள். அதே பதிவை வாரக் கடைசியில் மேலாளர் பார்த்தால், எது ஓடுகிறது, எது தூங்குகிறது என்று தெரியும். வருடக் கடைசியில் முதலாளி பார்த்தால், அடுத்த வருடம் எதை விடலாம், எதைச் சேர்க்கலாம் என்று தெரியும். ஒரே பதிவு, மூன்று பேருக்கு மூன்று விதமாக உதவுகிறது.

இதில் தீனி போட என்று தனியாக யாரும் உட்காரவில்லை என்பதைக் கவனியுங்கள். பில் போட்டால்தான் சரக்கு வெளியே போகும். பில் போடும்போதே பதிவும் விழுந்துவிடுகிறது. ராத்திரி உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்ட எந்தக் கணக்கும் தேறாது. என் நோட்டே சாட்சி.

குஜராத்தின் ஆனந்த் பகுதியிலும் இதையேதான் செய்தார்கள். அமுல் என்று நாம் அறிந்த கூட்டுறவு அங்கே 1946-இல் தொடங்கியது. பால் காசு கொழுப்பை வைத்துத்தான். முன்பெல்லாம் மாதிரிப் பாலில் கந்தக அமிலம் ஊற்றி, குழாயில் அடைத்துச் சுழற்றிக் கொழுப்பு பார்க்க வேண்டும். பால் ஊற்றியவர் கையில் உடனே முடிவு இருக்காது. 1990-களில் கிராமச் சங்கங்களுக்கு மின்னணுத் தராசும், கொழுப்பு காட்டும் கருவியும், அவற்றோடு இணைத்த கணினியும் வரத் தொடங்கின. உறுப்பினர் எண்ணைச் சொல்லிப் பாலை ஊற்றினால் எடை, கொழுப்பு, தொகை மூன்றும் சீட்டில் அடித்து வந்துவிடும். நம் ஊர்ச் சங்கங்களில் ஃபேட், எஸ்.என்.எஃப். போட்டுச் சீட்டு வாங்கும் அக்காமாருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நேற்றைவிட ஃபேட் இறங்கியிருந்தால், தீவனத்தில் என்ன மாறியது என்று அன்றைக்கே யோசிக்கிறார்கள். சங்கத்துக்குக் கணக்காகப் போகும் எண் மாட்டுக்காரருக்குத் தகவலாக வருகிறது.

நான் அதிக நேரம் செலவழித்துப் படித்தது மத்தியப் பிரதேச சோயா விவசாயிகளின் கதையை. அங்கே விளைச்சலை வண்டியில் ஏற்றி மண்டிக்குக் கொண்டுபோக வேண்டும். என்ன விலை என்பது ஏலம் நடந்த பிறகுதான் தெரியும். பிடிக்காவிட்டால் திருப்பி ஓட்டிக்கொண்டு வர யாருக்கு முடியும்? 2000-ஆம் ஆண்டில் ஐ.டி.சி. நிறுவனம் 'இ-சௌபால்' என்று ஒன்றைத் தொடங்கியது. சௌபால் என்றால் ஊர் கூடிப் பேசும் இடம். ஊர் விவசாயி ஒருவரின் வீட்டிலேயே கணினி வைத்தார்கள். மின்சாரத்துக்குச் சூரியத் தகடு, தொடர்புக்குச் செயற்கைக்கோள் வழி. அந்த விவசாயிக்கு 'சஞ்சாலக்' என்று பெயர். எல்லோருக்கும் பொதுவாக நடப்பேன் என்று ஊர் முன்னால் உறுதிமொழி எடுத்துக்கொள்வார். வியாபாரம் நடந்தால் அவருக்குக் கமிஷன். மண்டி விலையும் நிறுவனம் தரும் விலையும் வீட்டுத் திண்ணையிலேயே தெரிந்துவிடும். வேண்டுமானால் நிறுவனத்தின் மையத்துக்குக் கொண்டுபோகலாம், இல்லையென்றால் மண்டிக்கே போகலாம்.

பிறகு இது பல மாநிலங்களுக்குப் பரவி 6,000-க்கும் மேற்பட்ட மையங்களானது. அபரஜிதா கோயல் என்ற பொருளாதார ஆய்வாளர் மத்தியப் பிரதேச மண்டி விலைகளை ஆராய்ந்து 2010-இல் எழுதினார்: இந்த மையங்கள் வந்த பகுதிகளில் மண்டியிலேயே சோயா விலை சராசரியாக 1 முதல் 3 சதவீதம் வரை ஏறியிருந்தது. நிறுவனத்துக்கு விற்காமல் மண்டிக்கே போனவருக்கும் பலன் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம். விவசாயிக்கு விலை தெரியும் என்பது வியாபாரிக்குத் தெரிந்தாலே போதும் போலிருக்கிறது.

ஆனால் இதை நான் முழுசாகக் கொண்டாடத் தயாரில்லை. விவசாயிக்குக் கிடைத்தது விலை. நிறுவனத்துக்குக் கிடைத்தது, எந்த ஊரில் எவ்வளவு சரக்கு, என்ன தரம், எப்போது வரும் என்ற முழுப்படம். இரண்டும் ஒரே எடை இல்லை. எண்கள் எல்லாப் பக்கமிருந்தும் போய் ஒரே இடத்தில் குவிந்தால், குவிந்த இடத்தில் இருப்பவர்தான் அடுத்த வருடத்தைத் திட்டமிடுவார். இன்றைக்கு நம் செல்போனுக்கு இலவசமாக வரும் விவசாயச் செயலிகள் என்ன பயிர், எத்தனை ஏக்கர், எப்போது அறுவடை என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம்தான். பதில் சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பதில்கள் எங்கே போகின்றன, நமக்கு என்ன திரும்பி வருகிறது என்று நாமும் ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சொல்லலாம்.

இத்தனையும் கூட்டத்தில் சொன்னேன். கணினியைத் தள்ளிப் போட்டுவிட்டு, முதலில் அட்டை போடுவது என்று முடிவானது. ஒவ்வொரு முறை அரைக்கும்போதும் ஒரு லாட் நம்பர். மூட்டைக்கு ஒரு அட்டை. அதில் நம்பர், ரகம், யார் நெல், அரைத்த தேதி. அட்டையின் இரண்டு பாதியிலும் இதே விவரம்தான். மூட்டையை எடுப்பவர் ஒரு பாதியைக் கிழித்து, எந்தக் கடைக்குப் போகிறது என்று எழுதி, கதவருகே தொங்கும் டின்னில் போட்டால்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். மறுபாதி மூட்டையோடு போகும். அரைத்த அரிசி பத்து மூட்டைக்குக் கீழே வந்தால்தான் அடுத்த நெல்லை மில்லுக்கு அனுப்புவோம். முன்பு ஆள் வசதிப்படி மொத்தமாக அரைத்துவிடுவோம், வினையே அங்கேதான்.

இன்னொன்றும் கேட்டேன்: எந்த ரகம், எந்தக் கடைக்கு, என்ன விலைக்குப் போனது என்று கிடங்குச் சுவரில் பலகையில் எழுதலாமா? இதற்குத்தான் எதிர்ப்பு. "வர்ற போற வியாபாரி எல்லாம் பாத்துட்டுப் போவான்" என்றார்கள். "நம்ம நெல்லு என்ன விலைக்குப் போவுதுன்னு நமக்கே தெரியலைன்னா, அப்புறம் மண்டிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று ஒரு அக்கா கேட்டார். நீண்ட பேச்சுக்குப் பிறகு பலகை உள்பக்கச் சுவருக்குப் போனது. முதல் மாதமே அதில் தெரிந்தது, கருப்புக் கவுனி நாங்கள் நினைத்ததில் பாதிகூட ஓடவில்லை. அடுத்த பட்டத்தில் அதன் பரப்பைக் குறைக்கலாமா என்ற பேச்சு இப்போது நடக்கிறது. கவுனி போட்டவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைகள் கூடினால் ஓடும் என்கிறார்கள்.

டின்னில் சேர்ந்த அட்டைகளை ஒரு உறுப்பினரின் மகள் தன் செல்போனில் அட்டவணையாக ஏற்றிக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஆகிறது. மூட்டை திருப்பி அனுப்பிய கடைக்காரர் போன வாரம் மறுபடி போன் செய்தார். "ஐயா, பதினாலாம் நம்பர் லாட் இன்னும் இருக்கா?" இருந்தது, நாலு மூட்டை. எழுந்துபோய்ப் பார்க்காமலே சொன்னேன்.