பாதத்தில் ஒரு கரும்புள்ளி

ஜமைக்காவின் ரெகே இசைக் கலைஞர் பாப் மார்லிக்குக் காற்பந்து என்றால் உயிர். 1977இல் அவருடைய வலது கால் பெருவிரலில் ஏற்பட்ட புண் ஆறவேயில்லை. ஆட்டத்தில் பட்ட அடி என்று நினைத்திருந்தார்கள். பரிசோதித்தபோது நகத்துக்கு அடியில் இருந்தது மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் எனத் தெரிந்தது. நோய் உடலெங்கும் பரவி, 1981 மே 11ஆம் தேதி அவர் காலமானார். வயது 36.

கருத்த தோலில் தோல் புற்றுநோயா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தோலுக்கு நிறம் தரும் மெலனின், வெயிலின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சி உயிரணுக்களைக் காக்கிறது. அமெரிக்காவில் கறுப்பினத்தவரைவிட வெள்ளையருக்கு மெலனோமா 20 மடங்குக்கும் மேல் அதிகமாக வருகிறது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். நோய் கண்டறியப்பட்டு 5 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிருடன் இருப்பவர்கள் அங்குள்ள வெள்ளையரில் 90 விழுக்காட்டுக்கு மேல். கறுப்பினத்தவரில் சுமார் 70 விழுக்காடுதான். அரிதாக வரும் நோய், வந்தவர்களிடம் கூடுதல் உயிர்களைப் பறிக்கிறது. ஏன்?

முதல் காரணம், அது வரும் இடம். கருத்த தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில் வருகிறது. இதற்கு அக்ரல் மெலனோமா என்று பெயர். வெயில் படாத இடம் என்பதால், வெயிலைத் தடுக்கும் மெலனினால் அங்கே பெரிய பயனில்லை. முகத்தைத் தினமும் கண்ணாடியில் பார்க்கிறோம். உள்ளங்காலை யார் பார்க்கிறார்கள்? கால் ஆணி, இரத்தக்கட்டு என்று நினைத்தே மாதங்கள் ஓடிவிடும். கட்டி 1 மில்லிமீட்டர் ஆழத்துக்குள் இருந்தால் வெட்டி எடுத்துப் பெரும்பாலும் குணப்படுத்தலாம். ஆழமாக இறங்கி, நிணநீர்க் கணுக்களை எட்டிவிட்டால் கதை வேறு.

மருத்துவக் காப்புறுதி இல்லாதவர்களின் விகிதம் அமெரிக்க வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடையே அதிகம் என்பதும் தாமதத்துக்கு ஒரு காரணம்.

பாடநூல்களுக்கும் இதில் பங்குண்டு. தோல் நோய்ப் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. லண்டன் செயின்ட் ஜார்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற மலோன் முக்வெண்டே இந்தக் குறையைக் கவனித்தார். கருத்த தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்பதைக் காட்டும் 'மைண்ட் தி கேப்' என்ற கையேட்டைத் தம் விரிவுரையாளர்களுடன் சேர்ந்து 2020இல் வெளியிட்டார். அப்போது அவரும் ஒரு மாணவர்தான்!

ஆசியர்களிடமும் மெலனோமா அரிது. வந்தால் பாதத்தில் வருவது அதிகம். உங்கள் வயதில் கவலை வேண்டாம். வீட்டில் தாத்தா, பாட்டிக்கு நகம் வெட்டிவிடுபவர் நீங்கள் என்றால், பாதத்தையும் சற்றுத் திருப்பிப் பாருங்கள். நகங்களில் மெல்லிய கருங்கோடுகள் நம்மில் பலருக்கு இயல்பாகவே இருக்கும். ஆனால், ஒரே ஒரு நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகும் கோடு, நகத்தைச் சுற்றிய தோலுக்கும் பரவும் கருமை, வளரும் கரும்புள்ளி, வாரக்கணக்கில் ஆறாத புண் ஆகியவற்றை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவர் கேட்காவிட்டாலும் காலணியைக் கழற்றியே காட்டச் சொல்லுங்கள்.