தோய்த்துலர்ந்த ஆடை

ஒரு நாளில் ஒருவர் எத்தனை முறை உடை மாற்றுகிறார்? வசதி படைத்தோர் காலை நடைக்கு ஒன்று, அலுவலகத்திற்கு ஒன்று, மாலை விழாவிற்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என நான்கு முறை மாற்றுவர். வேறு பலருக்கோ காலையில் உடுத்தியதே இரவு வரை உடை. இவ்விரு திறத்தாரும் ஒரே திருமுன்னில் வந்து நிற்கின்றனர். அவ்விடத்திற்கு உரிய உடை யாது?

நீராடித் தோய்த்துலர்ந்த ஆடை உடுத்துத் திருக்கோயில் செல்லுதல் வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த நெறி. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும் (1822–1879) தம் சைவ வினாவிடை நூலில் இதனையே வலியுறுத்தினார். பட்டாடையோ புத்தாடையோ கட்டாயம் என அந்நெறி கூறவில்லை. அது வேண்டுவது தூய்மை ஒன்றே. "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்னும் பழமொழியும் அதுவே.

தோல் தொழிலும் வழிபாடும்

வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை முதலிய பாலாற்றுப் பகுதி ஊர்கள் தோல் பதனிடும் தொழிலால் பெயர் பெற்றவை. உப்பிட்ட தோலை நீரில் ஊறவைத்து, சுண்ணாம்பிலிட்டு மயிரும் ஊனும் களைந்து, அதன்பின் பதனிடுவர். முன்னாளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இதற்குப் பயன்பட்டன. இந்நாளில் குரோமிய உப்பே மிகுதி. ஈரமும் நெடியும் நிறைந்த இப்பணியில் உழைப்போர்க்கு உடை மாற்றுதல் பகட்டு அன்று. உடல் நலத்திற்கு இன்றியமையாதது. தொழிலாளர் கழுவிக்கொள்ளும் வசதி குறித்தும், மாற்றுடை வைக்கவும் ஈர உடை உலர்த்தவும் உரிய வசதி குறித்தும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே தனித்தனிப் பிரிவுகள் இடம்பெற்றன.

இத்தகைய உழைப்பாளி ஒருவர் நீராடி, உடை மாற்றி வந்த பின்னரும், தோலின் நெடி தம்மை விட்டு அகலவில்லையோ என்று அஞ்சி ஒதுங்கி நிற்பாராயின், அவர் திருநாளைப்போவார் நாயனாரை நினைத்தல் வேண்டும். ஆதனூரில் தோன்றிய அவ்வடியார், சிவாலயப் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் அளித்துத் தொண்டு செய்தார். திருக்கோயிலில் முழங்கும் முழவின் முகம் தோலே. அதன் ஒலியை விரும்பிக் கேட்கும் நாம், தோலைத் தொட்டு உழைத்தவர் அருகில் வரும்போது விலகுதல் முறையாகுமா?

கந்தை அணிந்து வந்த இறைவன்

காஞ்சியில் வாழ்ந்த திருக்குறிப்புத் தொண்ட நாயனார், அடியார்களின் ஆடைகளை வெளுத்துத் தருவதையே தம் தொண்டாகக் கொண்டவர். குளிர்காலத்தில் ஒருநாள், மெலிந்த மேனியும் அழுக்கேறிய கந்தையுமாக ஓர் அடியார் வந்தார். அவருக்கு மாற்றுடை இல்லை. பொழுது சாயுமுன் உலர்த்தித் தருவதாக வாக்களித்து நாயனார் கந்தையை வாங்கிச் சென்றார். ஆனால் மழை விடாது பெய்தது; கந்தை உலரவில்லை. அடியார் குளிரில் நடுங்குவாரே என்று வருந்திய நாயனார், துணி தப்பும் கல்லிலே தம் தலையை மோதினார். அக்கல்லினின்று ஒரு திருக்கரம் எழுந்து அவரைத் தடுத்தது. கந்தையுடன் வந்தவர் சிவபெருமானே.

தூய ஆடை உடுத்துவோமாக என்பது நெறியின் ஒரு பாதி. மாற்றுடை இல்லாதவர் படும் துன்பத்தைத் தம் துன்பமாக எண்ணுதல் மறு பாதி. நாயனார் வரலாறு உணர்த்துவது இம்மறு பாதியையே.

ஆதலின், திருக்கோயில் வருவோர் தம் உடை தூயதா என்று பார்க்கட்டும். பிறர் உடையை அளந்து மதிப்பிடாதிருக்கட்டும். ஒரு நாளில் நான்கு முறை உடை மாற்றுவோர், இறைவனுக்கு வஸ்திரம் சாத்தும் நாளில் மாற்றுடை இல்லாத ஒருவருக்கும் ஓர் ஆடை அளிக்கட்டும். கந்தையுடன் வந்த பெருமான் அதனையும் தமக்குச் சாத்தியதாகவே ஏற்றருள்வார்.

திருச்சிற்றம்பலம்.