சிறைக்குள் பிசியோதெரபி: கேட்கலாமா? கேட்கலாம்!

பக்கவாதம் வந்து ஒரு கை இயங்காமல் போனவர். வீட்டில் இருந்தவரை பிசியோதெரபிக்குப் போய்வந்தார். இப்போது விசாரணைக் கைதியாகச் சிறையில் இருக்கிறார். "அங்க போயி இதெல்லாம் யாரு பார்ப்பாங்க"ன்னு குடும்பத்தார் விட்டுடுறாங்க. விடக்கூடாது. பயிற்சி நின்றால் மூட்டு இறுகும், பிறகு மீட்பது கடினம்.

வெளியில் கிடைக்கும் அதே தரத்தில், இலவசமாக, சிறைவாசிக்கும் மருத்துவம் கிடைக்க வேண்டும் என்கின்றன ஐ.நா. 2015-ல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள். நம்ம ஊரிலேயே ஒரு வழக்கு உண்டு. தசைச் சிதைவு நோய் உள்ள ஒருவர் கோவை மத்திய சிறையில் இருந்தபோது பட்ட சிரமம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஜூலையில் தீர்ப்பு வந்தது. சிறைக்குள் வரும்போதே மாற்றுத்திறனைச் சொல்ல வாய்ப்பு தர வேண்டும், பிசியோதெரபிக்குத் தனி இடம் ஒதுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டுச் சிறைகளுக்கு அதில் உத்தரவுகள் உள்ளன.

சரி, பிசியோதெரபிஸ்ட் அங்கே எப்படி வேலை செய்கிறார்? பாடப்புத்தகத்தில் உள்ள கருவிகள் பல அறைக்குள் போகாது. எலாஸ்டிக் பேண்ட் கயிறு மாதிரி, ஊன்றுகோல் ஆயுதம் மாதிரி. பாதுகாப்புக் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். அதனால் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில்தான் எடை. மடித்த போர்வைதான் முழங்காலுக்கு அடியில் வைக்கும் தலையணை. தோளை மேலே கொண்டுபோக, விரல்களைச் சுவரில் ஏணி ஏறுவதுபோல நகர்த்தினால் போதும். மாலை அறை பூட்டியதும் மறுநாள் காலைவரை வெளியே வர முடியாது; பயிற்சியை அந்த நேரத்துக்குள் தனியாகச் செய்யும்படி சுருக்கித் தர வேண்டும். தரையில் படுத்து எழும் முறையையும் கற்றுத் தருவது, என் பார்வையில், எந்தக் கருவியையும் விடப் பெரிய உதவி. என்ன வழக்கு என்பது சிகிச்சைக்குத் தேவையில்லாத கேள்வி. காவலர் பக்கத்தில் இருந்தாலும் நோய் விவரம் ரகசியம்தான்.

குடும்பத்தினர் செய்ய வேண்டியது: டிஸ்சார்ஜ் சம்மரி, பயிற்சித்தாள், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால் அது, எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, "பிசியோதெரபி தொடர வேண்டும்" என்று ஒரு வரி மனுவோடு சிறைக் கண்காணிப்பாளரிடம் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பதில் வரலைன்னா, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உதவி எண் 15100.