சட்டம் கேளுங்கள்: தவணைக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை

கேள்வி: டிக்கோயா பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். மூத்த மகள் ஏழாம் ஆண்டு, சின்னவன் இரண்டாம் ஆண்டு. பிள்ளைகளின் அப்பா கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய் ஒன்றரை வருஷம். ஆறு மாதமாக ஒரு சதமும் அனுப்பவில்லை. தாபரிப்புக்கு வழக்குப் போட்டிருக்கிறேன், அடுத்த மாதம் தவணை. கோட்டில் எல்லாம் சிங்களத்தில் பேசுகிறார்கள். நான் என்ன கொண்டு போக வேண்டும்? ஒரு நாள் போனால் ஒரு பேர், அன்றைய சம்பளம், போகும் அம்மா.
– பெயர் வேண்டாம், டிக்கோயா

பதில்: தங்கச்சி, வழக்குப் போட்டதே பெரிய காரியம். அதுவும் கொழும்புக்கு அலையாமல் ஹட்டனிலேயே போட்டிருக்கிறீர்கள். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்து நீதவான் நீதிமன்றமே இதை விசாரிக்கலாம். பிள்ளைகளின் அப்பாதான் இங்கே வர வேண்டும்.

முதல் தவணையிலேயே காசு தீர்ப்பாகிவிடும் என்று நம்பிப் போகாதீர்கள். அன்றைக்குப் பெரும்பாலும் பார்ப்பது அழைப்பாணை அவர் கையில் சேர்ந்ததா என்பதைத்தான். ‘கொழும்பு, புறக்கோட்டை’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அழைப்பாணை கொண்டு போகும் பிஸ்கால் யாரைத் தேடுவார்? கடையின் பெயர், தெரு, இலக்கம், அவர் தங்கும் அறை எல்லாவற்றையும் ஊர்க்காரர்களிடம் இப்போதே விசாரித்து எழுதி வையுங்கள். விலாசம் பிழைத்தால் அடுத்த தவணை, அதற்கடுத்த தவணை என்று உங்கள் பேர்தான் போய்க்கொண்டிருக்கும்.

அடுத்தது கடதாசிகள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, உங்கள் அடையாள அட்டை, கடைசி மூன்று மாதச் சம்பளச் சிட்டை. கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதியவில்லை என்றாலும் பயப்பட வேண்டாம். பதியாத தாய் தகப்பனின் பிள்ளைக்கும் தகப்பனிடம் தாபரிப்புக் கேட்கும் உரிமையைச் சட்டம் கொடுக்கிறது. நம் தோட்டங்களில் எனக்கு அதிகம் தலைவலி தருவது பெயர்தான். செக்ரோலில் ‘செல்வி’, அடையாள அட்டையில் ‘செல்வராணி’, பிள்ளையின் சான்றிதழில் தாயின் பெயர் ‘செல்வமணி’. பேனாவால் திருத்திவிடாதீர்கள். எல்லாம் ஒரே ஆள்தான் என்று ஒரு சத்தியக் கடதாசியும் கிராம சேவகரின் கடிதமும் தவணைக்கு முன்பே எடுத்து வையுங்கள்.

தொகை எப்படி வரும்? அவருக்கு என்ன வருமானம், பிள்ளைகளுக்கு என்ன செலவு என்ற இரண்டையும் பார்த்துத்தான். ஒரு தாய் என்னிடம் பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டு வந்தார். உள்ளே பாமசித் துண்டுகள், பாடசாலை வேன் காசு ரசீது, சப்பாத்து வாங்கிய பில், எல்லாம் மாதவாரியாக நூல் கட்டி. ‘மாதம் எவ்வளவு வேண்டும்?’ என்று கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை. உங்கள் மூத்தவளிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து இன்றிலிருந்தே செலவை எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகளின் அப்பா தன் சம்பளத்தைப் பற்றி அனுப்பிய மெசேஜ், முன்பு காசு போட்ட வங்கித் துண்டு எதையும் அழிக்க வேண்டாம்.

இனி மொழி. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபமே வருகிறது. கேட்டது புரியாமல் ‘சரி, சரி’ என்று தலையாட்டி, பிள்ளையின் பால்மாவுக்கும் காணாத தொகைக்குச் சம்மதித்துவிட்டு வெளியே வந்து அழுத பெண்ணைப் பார்த்திருக்கிறேன். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உங்கள் பக்கம் இருக்கிறது. நீங்கள் தமிழில் மனுக் கொடுக்கலாம், தமிழில் பேசலாம். நடப்பது புரியாவிட்டால் மொழிபெயர்ப்பை அரசுதான் ஏற்பாடு செய்ய வேண்டும். பெயர் கூப்பிட்டதும், ‘எனக்குத் தமிழில் வேண்டும், ஐயா’ என்று சொல்லுங்கள். முதலியார் மொழிபெயர்த்து முடிக்கும்வரை எதற்கும் தலையாட்டாதீர்கள்.

அவர் வந்து ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டால் விசாரணை இல்லாமலே கட்டளை வந்துவிடும். நல்லதுதான். ஆனால் எந்தத் தேதியில், எந்த வழியாகக் காசு வரும் என்பதும் அதில் எழுதப்பட வேண்டும். கட்டிவராவிட்டால் அவருடைய சம்பளத்தில் பிடித்துத் தரும்படி முதலாளிக்கே கட்டளையிடச் சட்டத்தில் வழி உண்டு. பிறகு நிலைமை மாறினால் தொகையைக் கூட்டித் தரும்படியும் கேட்கலாம்.

விவாகரத்து இதில் சேராது. அது மாவட்ட நீதிமன்றத்துக்குரிய வேறு வழக்கு. அவர் அடிக்கிறார், மிரட்டுகிறார் என்றால் தவணைவரை காத்திருக்காதீர்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கமான 1938க்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள்.

லோயருக்குக் கொடுக்கக் கையில் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். அங்கே வருமானத்தைத்தான் முதலில் கேட்பார்கள். சம்பளச் சிட்டை அதற்கும் உதவும். தவணைக்கு முந்திய நாளே பிரட்டில் கணக்கப்பிள்ளையிடம் லீவு சொல்லிவிடுங்கள். வழக்கு இலக்கத்தையும் அடுத்த தவணைத் தேதியையும் எழுதி வாங்காமல் கோட்டு வாசலை விட்டு இறங்காதீர்கள்.